நேற்றைய பாணும் நாலு பல் வெள்ளைப்பூடும்

சீஸ் கார்லிக் பிரெட் என்றால் பீட்சாக் கடைக்குப் போய்த்தான் சாப்பிட வேண்டும் என்று எங்களில் பலர் நினைக்கிறோம். பதுளைக்கோ பண்டாரவளைக்கோ போகும் நாளில் அதன் விலையைப் பார்த்துவிட்டு, "வீட்டில் செய்வோமா உம்மா?" என்று கேட்டால், "அவண் இல்லை மகள், அதெல்லாம் நமக்குச் சரிவராது" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். மனைப்பொருளியல் படிக்கும் மாணவி என்ற வகையில் இதைப் பற்றித் தேடி வாசித்தேன். எங்கள் வீட்டு அடுப்பில் பல தடவை செய்தும் பார்த்தேன். மொனராகலையில் எந்த வீட்டிலும் இதைச் செய்யலாம் என்பதுதான் நான் கண்ட முடிவு. அதை விளக்கவே இக்கட்டுரை.

முதலில் இதன் பிறப்பைப் பார்ப்போம். இத்தாலியில் பாண் துண்டை நெருப்பில் வாட்டி, அதன் மேல் வெள்ளைப்பூட்டைத் தேய்த்து, ஒலிவ் எண்ணெய் ஊற்றிச் சாப்பிடுவார்கள். அதற்குப் 'புரூஸ்கெட்டா' என்று பெயர். காய்ந்த பாணையும் வீசாமல் உண்பதற்கு எளிய மக்கள் கைக்கொண்ட வழி அது. அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த இத்தாலியர் அங்கே எண்ணெய்க்குப் பதிலாகப் பட்டரைப் பூசினர். பின்னர் சீஸும் சேர்ந்தது. ஆகவே இந்த உணவுக்கு நேற்று வாங்கிய பாணே பொருத்தமானது.

பாண் ஏன் காய்கிறது?

மாலையில் பீதோவனின் இசையோடு வரும் பேக்கரி ஓட்டோவில் வாங்கிய பாண், மறுநாள் காலையில் கட்டியாகிவிடுகிறது. ஈரம் போய்விட்டதுதான் காரணம் என்று நினைக்கிறோம். ஆனால் 1852 இல் பூசங்கோ என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, ஈரம் வெளியேறாதபோதும் பாண் இறுகும் என்றும், 60 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கினால் மீண்டும் மென்மையாகும் என்றும் காட்டினார். வெந்தபோது குலைந்த மாப்பொருள் ஆறும்போது மறுபடி ஒழுங்காக அடுக்கப்பட்டு இறுகுகிறது. சூடு பட்டால் அந்த அடுக்கு தளர்கிறது. ஃபிரிஜின் சாதாரண குளிரில் இந்த இறுக்கம் இன்னும் விரைவாக நடக்கும். எனவே பாணை வெளியில் மூடி வையுங்கள். அல்லது உறைய வைக்கும் தட்டில் வையுங்கள். பூஞ்சணம் பிடித்த பாணை மட்டும் முழுவதுமாக வீசிவிட வேண்டும். அதைச் சுட்டாலும் நஞ்சு போகாது.

'பாண்' என்ற சொல்லே போர்த்துக்கீசர் தந்தது. அதற்கான கோதுமை இன்றும் கப்பலில்தான் வருகிறது. 1980 முதல் திருகோணமலையில் பெரிய மா ஆலை இயங்கினாலும் அங்கே அரைபடும் கோதுமை நம் மண்ணில் விளைந்ததல்ல. 2022 இல் மாவும் எரிவாயுவும் இல்லாமல் பேக்கரிகள் மூடிக் கிடந்ததை நாம் மறக்கவில்லை. அப்போது ஒரு றாத்தல் பாணின் பெறுமதி என்னவென்று சிறு பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. இன்று மிஞ்சிய துண்டுகளைக் குப்பையில் போடும்போது அந்த நாட்களை நினைத்துக்கொள்வது நல்லது.

வெள்ளைப்பூட்டின் இரகசியம்

உரிக்காத பூட்டில் மணம் குறைவு. நசுக்கியவுடன் மூக்கில் ஏறுகிறது. பூட்டின் கலங்களில் 'அலீன்' என்ற பதார்த்தம் ஓரிடத்திலும் ஒரு நொதியம் வேறிடத்திலும் இருக்கின்றன. நசுக்கும்போது இரண்டும் கலந்து 'அலிசின்' உண்டாகிறது. 1944 இல் அமெரிக்காவில் கவாலிட்டோ, பெய்லி என்ற இருவர் இதைப் பிரித்தெடுத்தனர். அந்த நொதியம் சூட்டில் செயலிழந்துவிடும். ஆகவே பூட்டை நசுக்கிப் பத்து நிமிடம் வைத்திருந்து, பிறகே அடுப்புக்குக் கொண்டுபோக வேண்டும். தனியே தாச்சியில் போட்டால் கருகிக் கசக்கும். பட்டரோடு குழைத்துப் பூசினால் கருகாது.

பட்டருக்கு நாம் தூரம் போக வேண்டியதில்லை. நமது மாவட்டத்தில், புத்தல பக்கத்துப் பெல்வத்தையிலேயே பட்டர் தயாராகிறது. மொனராகலை வெயிலில் அதை உருக்கவும் தேவையில்லை. வெளியில் வைத்தால் தானாகவே குழையும். பண்டாரவளைக் குளிரில் இருப்பவர்கள் அடுப்புக்குப் பக்கத்தில் சற்று நேரம் வைக்க வேண்டும்.

சீஸ் வாங்கும்போது

நீளமாக இழுபட வேண்டுமானால் மொசரெல்லா வேண்டும். அது கிடைக்காவிட்டால் செடார் அல்லது நம்மூர்க் கடையில் உள்ள சீஸ் துண்டுகள் போதும். இழுபடாது, ஆனால் நன்றாக உருகும். பாலில் தேசிக்காய்ச் சாறு விட்டுத் திரைய வைக்கும் பனீர் உருகாது. சீஸ் உருகுவதற்கு அதன் புரதத்தில் கல்சியம் அளவோடு தங்கியிருக்க வேண்டும். புளிப்பு அதைக் கரைத்துவிடுகிறது.

பெற்றோர் கவனிக்க வேண்டிய விடயமும் இங்கே உண்டு. பெரும்பாலான சீஸ் வகைகளில் பாலைத் திரைய வைக்க 'ரெனெட்' சேர்க்கிறார்கள். முன்பு அது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்பட்டது. இப்போது நுண்ணங்கிகளைக் கொண்டும் தயாரிக்கிறார்கள். அமெரிக்காவில் 1990 இல் அத்தகைய ஒன்றுக்கு அனுமதி கிடைத்தது. பொதியைத் திருப்பி, ஹலால் சான்று இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் மனம் நிம்மதியாக இருக்கும்.

செய்முறை

தேவையானவை: அரை றாத்தல் பாண் (225 கிராம்), பட்டர் 50 கிராம், வெள்ளைப்பூடு 4 பல், துருவிய சீஸ் 75 கிராம், நறுக்கிய கொத்தமல்லி இலை ஒரு மேசைக்கரண்டி. விரும்பினால் இடித்த கொச்சிக்காய் சிறிது. பட்டரில் உப்பு இருந்தால் வேறு உப்பு வேண்டாம்.

பூட்டை நசுக்கிப் பத்து நிமிடம் வைத்து, பட்டரும் இலையும் சேர்த்துக் குழையுங்கள். பாணை இரண்டு சென்ரிமீற்றர் தடிப்பில் ஆறு துண்டுகளாக வெட்டுங்கள். அடி கனத்த தட்டையான தாச்சியையோ ரொட்டி சுடும் கல்லையோ மெல்லிய நெருப்பில் வைத்து, துண்டுகளின் ஒரு பக்கத்தை மட்டும் பொன்னிறமாக வாட்டுங்கள். பிறகு எடுத்து, வாட்டிய பக்கத்தில் பூட்டுப் பட்டரைப் பூசிச் சீஸைத் தூவுங்கள். வாட்டாத பக்கம் கீழே இருக்க மீண்டும் அடுப்பில் வைத்து, ஓரத்தில் ஒரு தேக்கரண்டி தண்ணீர் தெளித்து, உடனே மூடிவிடுங்கள். அந்த ஆவிதான் நமக்கு அவண். மூன்று நான்கு நிமிடத்தில் சீஸ் உருகிவிடும். மூடியைத் திறந்து, அடி மொறுமொறுப்பாகும் வரை ஒரு நிமிடம் விட்டு இறக்குங்கள். விறகடுப்பில் செய்பவர்கள் சுவாலையைத் தணித்து, தணலில் மட்டும் வையுங்கள்.

ஓர் எச்சரிக்கை. பூட்டுப் பட்டரையோ எண்ணெயில் ஊறிய பூட்டையோ வெளியில் நாட்கணக்கில் வைக்காதீர்கள். காற்றுப் புகாத எண்ணெய்க்குள் பொட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் பற்றீரியா வளரலாம். 1985 இல் கனடாவின் வன்கூவர் நகரில், குளிரில் வைக்காத இத்தகைய பூட்டினால் 36 பேர் நோயுற்றனர். அன்றைக்குத் தேவையானதை அன்றே குழையுங்கள். மிஞ்சினால் ஃபிரிஜில் வைத்து இரண்டொரு நாளில் முடித்துவிடுங்கள்.

இது தினமும் உண்ணும் உணவல்ல. பட்டரும் சீஸும் கொழுப்பு நிறைந்தவை. நோன்பு காலத்தில் கஞ்சிக்குப் பக்கத்தில் ஆளுக்கொரு துண்டு வைக்கலாம். பாடசாலை விட்டு வரும் தம்பி தங்கைக்கு வாரத்தில் ஒரு நாள் கொடுக்கலாம். நாளைக் காலை பாண் கூடையில் இரண்டு மூன்று துண்டு மிஞ்சியிருந்தால், அவற்றை வீசுவதற்கு முன் நாலு பல் பூட்டை உரித்துப் பாருங்கள்.