நீல உடைக் கள்வர்

கள்வன் என்ற சொல்லைக் கேட்டால் கதவைத் தாழிடுகிறோம். கள்வன் கதை என்றாலோ கதை சொல்பவரின் அருகே நகர்ந்து அமர்கிறோம். உலகெங்கும் உள்ள வழக்கம் இது. மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் மாலை வேளையில் சிறுவர் ஆடும் கள்ளன் போலீஸ் விளையாட்டில், போலீஸாக இருப்பதற்கு வரும் போட்டியைவிடக் கள்ளனாக இருப்பதற்கு வரும் போட்டியே மிகுதி என்பதை ஆடிய எவரும் அறிவர். பிறர் கண்ணில் படாமல் ஒரு சுவரின் நிழலில் ஊர்ந்து செல்லும்போது நெஞ்சு அடித்துக்கொள்கிறதே, அந்தத் துடிப்பில்தான் ஆட்டத்தின் சுவை இருக்கிறது.

இந்தச் சுவையை மின்திரைக்குள் கொண்டுவந்து அடைத்த வீடியோ விளையாட்டு ஒன்றைப் பற்றியும், அதனை நினைக்கும்போதெல்லாம் என் உள்ளம் ஏன் பழைய மதுரையின் நள்ளிரவுக்குச் செல்கிறது என்பது பற்றியும் மாணவ நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

வீடியோ விளையாட்டுகளில் பல இனங்கள் உண்டு. தாவுவதும் ஏறுவதும் முதன்மையாக அமைந்தவை ஓர் இனம். 1981இல் ஜப்பானிலிருந்து வந்த 'டாங்கி காங்' என்னும் ஆட்டம் இவ்வினத்தின் முன்னோடிகளுள் ஒன்று. ஒளிந்து செல்வதே முதன்மையாக அமைந்தவை மற்றோர் இனம். அமெரிக்கரான சைலஸ் வார்னர் ஆக்கிய 'காசில் வொல்ஃபன்ஸ்டைன்' என்னும் ஆட்டமும் அதே 1981இல் தோன்றியதுதான். பகைவர் கோட்டையிலிருந்து காவலர் அறியாமல் தப்பி வருவது அதன் கதை. பின்னர் 1987இல் 'மெட்டல் கியர்' வந்து இவ்வினத்தை நிலைநிறுத்தியது. முன்னது உடலின் வேகத்தைச் சோதிப்பது. பின்னது பொறுமையைச் சோதிப்பது. இவ்விரண்டையும் இணைத்து ஒரு தொடராக வெற்றி பெற்றதுதான் 'ஸ்லை கூப்பர்'.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள சக்கர் பஞ்ச் என்னும் நிறுவனம் 2002இல் பிளேஸ்டேஷன் 2 கருவிக்காக இதன் முதல் ஆட்டத்தை வெளியிட்டது. தலைவன் ஸ்லை ஒரு ரக்கூன். ரக்கூன் என்பது வட அமெரிக்கக் காடுகளில் வாழும் விலங்கு. வாலில் வளையங்களும், கண்களைச் சுற்றி முகமூடி கட்டியது போன்ற கரும்பட்டையும் உடையது. இயற்கையே திருடன் வேடம் புனைந்து அனுப்பிய பிராணி என்று அந்நாட்டார் வேடிக்கையாகக் கருதுவர். ஸ்லை நீலச் சட்டையும் நீலத் தொப்பியும் அணிந்து, நுனி வளைந்த கைத்தடி ஒன்றை ஏந்தி வருகிறான். மதியூகியான பென்ட்லி என்னும் ஆமையும், வலிமை மிக்க மர்ரே என்னும் நீர்யானையும் அவனுடைய தோழர்கள். பன்னாட்டுக் காவல் அமைப்பைச் சேர்ந்த கார்மெலிடா ஃபாக்ஸ் என்னும் நரிப்பெண் அவனை நாடு நாடாகத் துரத்துகிறாள்.

கூப்பர் குடும்பத்தார் வழிவழியாகத் திருடர்கள். அவர்களிடம் ஒரு குலநூல் உண்டு. ஒவ்வொரு தலைமுறையினனும் தான் கண்ட ஒரு நுட்பத்தை அதில் எழுதி வைத்துச் செல்வான். ஸ்லை சிறுவனாக இருந்தபோது ஐந்து கொடியவர் வீட்டினுள் புகுந்து தந்தையைக் கொன்று, நூலைக் கிழித்துப் பங்கிட்டுக்கொண்டு போயினர். அப்பக்கங்களை ஒவ்வொன்றாக மீட்பதே முதல் ஆட்டம். ஒரு பக்கம் கிடைத்தால் அதில் எழுதப்பட்ட நுட்பம் ஒன்று கைவரும். கூப்பர்கள் திருடரிடம் மட்டுமே திருடுபவர்கள் என்றும் கதை கூறுகிறது. ஆடும் சிறுவரின் மனச்சான்றுக்குக் கதாசிரியர் இட்ட மருந்து அது என்று கொள்க.

ஆட்டம் இயங்கும் முறையைச் சிறிது விளக்குவேன். காவலர்கள் கைவிளக்கின் ஒளிக்கற்றையை முன்னே வீசிக்கொண்டு ஒரே தடத்தில் போவதும் வருவதுமாக இருப்பர். அந்த ஒளி நம்மீது பட்டால் ஆபத்து. படாதவரையில் நாம் இல்லாதவர்களே. ஆகவே ஆடுபவன் முதலில் செய்ய வேண்டியது ஓடுவதன்று, நின்று எண்ணுவது. காவலன் எத்தனை அடி நடக்கிறான், எங்கே திரும்புகிறான், திரும்பும்போது முதுகு எப்பக்கம் இருக்கிறது என்று பார்த்து மனத்தில் பதித்த பிறகே அடி எடுத்து வைக்க வேண்டும். கூரை முனை, கம்பி, குழாய் என எங்கெல்லாம் கள்வனின் நுட்பம் செல்லுமோ அங்கெல்லாம் மெல்லிய நீல ஒளித்துளிகள் மினுங்கும். பிறருக்குச் சுவராகத் தெரிவது கள்வனுக்கு வழியாகத் தெரிகிறது என்பதை இத்தனை எளிதாக வேறு எந்த ஆட்டமும் காட்டியதாக எனக்குத் தோன்றவில்லை.

முதல் ஆட்டத்தில் ஒரே அடியில் உயிர் போய்விடும். காப்பாக ஒரு குதிரை லாடம் கிடைத்திருந்தால் மட்டுமே தப்பலாம். 2004இல் வந்த இரண்டாம் ஆட்டத்தில் அக்கடுமை தளர்ந்தது. பரந்த நகரங்களில் விரும்பியவாறு திரியலாம், தோழர் இருவராகவும் ஆடலாம், காவலரின் சட்டைப்பையிலிருந்து பணம் பறிக்கலாம். அதன் ஒரு பகுதி நம் நாட்டிலேயே நடக்கிறது. ராஜன் என்னும் புலி ஒருவன் அரண்மனையில் விருந்து வைக்கிறான். இரண்டாவதைத்தான் பலரும் சிறந்தது என்பர். எனக்கு முதலாவதே உயர்வாகப் படுகிறது. பிழைத்தால் உயிர் என்ற அச்சம் இருந்தால்தானே ஒளிதலுக்குப் பொருள் உண்டு?

இனி மதுரைக்கு வருவோம்.

மாங்குடி மருதனார் தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடிய மதுரைக்காஞ்சி, பத்துப்பாட்டிலேயே நீளமானது; 782 அடிகள் கொண்டது. 1889இல் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பித்தபோதுதான் அது பலர் கைக்கும் எட்டியது. அதில் மதுரையின் ஒரு நாள் முழுவதும், காலை முதல் மறுநாள் விடியல்வரை, தெருத்தெருவாக விரிகிறது. நள்ளிரவில் ஊர் உறங்கியபின் புலவர் நம்மைக் கள்வரிடம் அழைத்துச் செல்கிறார். அவர்களுடைய இடையில் கல்லையும் மரத்தையும் துணிக்கும் வாள் தொங்குகிறது. காலில் செருப்பு இருக்கிறது. தொடையை ஒட்டிச் சிறு கத்தி செருகப்பட்டிருக்கிறது. உடுத்திய கச்சு நீல நிறம், இருளோடு இயைந்துவிடும் நிறம். மெல்லிய நூலால் ஆன ஏணியை இடையில் பல சுற்றாகச் சுற்றியிருக்கிறார்கள். நிலத்தை அகழ்வதற்கு உளியும் உண்டு. மதிலில் ஏறுதல், சுவரைத் துளைத்தல், கண்ணிமைக்கும் நேரத்தில் மறைதல் என ஸ்லை செய்யும் தொழில் எல்லாம் இங்கே இருக்கிறது. உடையின் நிறம்கூட மாறவில்லை!

ஒரு வேறுபாடு உண்டு. நம் புலவர் கள்வரைவிடக் காவலரையே மிகுதியாக வியக்கிறார். யானையை எதிர்நோக்கியிருக்கும் புலிபோல அவர்கள் கள்வர் பதுங்கும் இடத்தை ஒற்றி அறிந்து காத்திருக்கின்றனர். தேரோடும் தெருவில் வெள்ளம் பெருகி ஓடும் பெருமழை நள்ளிரவிலும் அவர்கள் அயர்வதில்லை. வில்லும் அம்பும் ஏந்தி உலவுகின்றனர். நூல்களைக் கற்று அவ்வழியில் தவறாதவர்கள் என்றும் கூறப்படுகிறது. ஒரே தடத்தில் திரும்பித் திரும்பி நடக்கும் மின்திரைக் காவலருக்குப் பதிலாக இவர்களை நிறுத்தினால் அந்த ஆட்டத்தை எவரும் வெல்ல முடியாது, விற்பனையும் நடந்திராது.

இதே மதுரையின் இன்னொரு காட்சி சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. பொற்கொல்லன் கோவலனைக் கள்வன் என்று சுட்டிக் காவலருடன் வருகிறான். காவலருள் ஒருவன் கோவலனைப் பார்த்துவிட்டு, இவனுடைய தோற்றம் கொலைக்குரிய கள்வனின் தோற்றமன்று என்கிறான். அப்போது பொற்கொல்லன் ஒரு சொற்பொழிவே நிகழ்த்துகிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வருக்குத் துணையானவை எட்டு என அடுக்குகிறான். பின்பு ஒரு கதை: தூதன் வேடத்தில் பகலில் வாயிலில் இருந்து, இரவில் பெண் வேடத்தில் உள்ளே புகுந்து, விளக்கின் நிழலிலேயே நடந்து இளவரசனின் கழுத்து ஆரத்தைக் கவர்ந்தான் ஒருவன். விழித்தெழுந்த இளவரசன் வாளை வீச, வீசும்தோறும் அதனை வாளுறையிலேயே வாங்கிக்கொண்டான். பின்பு மற்போர் தொடங்கியதும் ஒரு மணித்தூணை எதிரே காட்டிவிட்டுத் தான் நழுவினான். அவனுடைய திறமையைக் குறிக்க இளங்கோவடிகள் ஆளும் சொல் கல்வி என்பதாகும். இன்னொரு காவலனும் தன் பங்குக்கு, மழை நள்ளிரவில் உளியோடும் நீல உடையோடும் வந்த ஒருவன் தன் கைவாளையே பறித்து மறைந்ததைச் சொல்கிறான்.

எல்லாம் கேட்கச் சுவையான கதைகள். கேட்டு முடிந்ததும் குடிமயக்கத்தில் இருந்த ஒருவன் வாளை வீசினான், கோவலன் வீழ்ந்தான். அவன் திருடியதற்குச் சான்று ஒன்றுகூட அங்கே ஆராயப்படவில்லை. கள்வர் மிகத் திறமையானவர். ஆகவே கள்வனாகத் தோன்றாதவனும் கள்வனாக இருக்கலாம். ஆகவே இவனும் கள்வன் என்ற வாதத்துக்குச் சான்று எதற்கு?

ஸ்லை கூப்பரின் கதையிலும் இதனோடு தொடர்புடைய வினா ஒன்று உண்டு. கள்வனை ஆக்குவது எது? கிளாக்வெர்க் என்னும் எந்திர ஆந்தைதான் முதல் ஆட்டத்தின் பெரும்பகைவன். நூல் இல்லையேல் கூப்பர் குலம் ஒன்றுமில்லை என்று காட்டவே சிறுவனை உயிரோடு விட்டேன் என்கிறான் அவன். ஸ்லை அதை மறுத்து, தன் முன்னோரின் திறமையே நூலை ஆக்கியது என்று குலப்பெருமை பேசுகிறான். எனக்கோ இருவர் கூற்றிலும் உடன்பாடில்லை. பென்ட்லியும் மர்ரேயும் ஸ்லையோடு அநாதை இல்லத்தில் வளர்ந்தவர்கள். அவர்களுக்குக் குலமும் இல்லை, குலநூலும் இல்லை. ஆனால் அவர்கள் இன்றி ஸ்லையால் ஒரு பூட்டையும் திறக்க முடியாது. திருட்டு பிறப்பால் வருவதன்று என்பதை, பிறப்பைப் போற்றும் அக்கதையே காட்டிவிடுகிறது.

விளையாட்டில் இதைச் சொன்னால் பொழுதுபோக்கு. ஓர் அரசாங்கம் சட்டத்தில் எழுதினால் என்ன ஆகும் என்பதை மதுரைச் சமவெளி அறியும். 1871இல் பிரிட்டிஷ் அரசு வட இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றியது. சில குலங்கள் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்பது அதன் அடிப்படை. 1911இல் அச்சட்டம் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. உசிலம்பட்டி வட்டாரத்துப் பிரமலைக் கள்ளர் அதில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் பலர் தலைமுறை தலைமுறையாக ஊர்க்காவல் புரிந்தவர்கள் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். ஆடவர் கைரேகை பதிய வேண்டும்; இரவில் காவல் நிலையத்திலோ குறித்த இடத்திலோ வந்து படுக்க வேண்டும்; வெளியூர் செல்ல ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். எவரும் எதையும் திருடியிருக்க வேண்டியதில்லை, பிறந்திருந்தால் போதும்.

1920 ஏப்ரல் 3ஆம் நாள் பெருங்காமநல்லூரில் மக்கள் ரேகை பதிய மறுத்தனர். காவலர் சுட்டனர். மாயக்காள் என்னும் பெண் உட்பட 16 பேர் மாண்டனர். மதுரையில் வழக்குரைஞராக இருந்த ஜார்ஜ் ஜோசப் அம்மக்களுக்காக வாதாடினார். அவர்கள் அன்போடு அவரை 'ரோசாப்பூ துரை' என்று அழைத்தனர். முத்துராமலிங்கத் தேவரும் இச்சட்டத்தை எதிர்த்துப் போராடியவர்களுள் முதன்மையானவர். சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதிலும் 1952இலும் சட்டம் நீக்கப்பட்டது.

இத்தனைக்கும் நடுவே, இதே மண்ணில் சித்திரைத் திருவிழாவின்போது அழகர்மலைப் பெருமாள் கள்ளர் கோலம் புனைந்து மதுரைக்கு வருவதும், கள்ளழகர் என்றே பெயர் பெற்றிருப்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது. அவரை வணங்க லட்சக்கணக்கானோர் வைகைக் கரையில் நின்ற அதே ஆண்டுகளில்தான், சில கல் தொலைவில் ஆடவர் வரிசையாக நின்று பெருவிரலில் மை தடவிக்கொண்டிருந்தனர்.

விளையாட்டுத் தொடரின் எஞ்சிய வரலாறு சிறிது. 2005இல் மூன்றாம் ஆட்டம் வந்தது. அதன் முடிவில் ஸ்லை நினைவிழந்தவன்போல் நடிக்க, கார்மெலிடா அவனைத் தன்னுடன் பணிபுரியும் காவலன் என்று சொல்லி அழைத்துச் செல்கிறாள். கள்வர் குலத்தில் பிறந்தவன் காவல் உடை அணிகிறான். தொடரை ஆக்கியோர் அங்கேயே நிறுத்திக்கொண்டு வேறு ஆட்டங்களுக்குச் சென்றனர். 2013இல் சன்சாரு கேம்ஸ் என்னும் வேறொரு நிறுவனம் நான்காவது ஆட்டத்தை வெளியிட்டு, அவனை மீண்டும் திருடனாக்கி, காலத்தில் பின்னோக்கி அனுப்பி, பழைய எகிப்தின் மணலில் தனியே விட்டு முடித்தது. அவனைத் தேடிச் செல்லும் ஐந்தாம் ஆட்டம் அதன்பின் வெளிவரவில்லை.