இயந்திர மனிதனை வரைந்தவர்

நான் ஆசிரியப் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். 1980-களின் நடுப்பகுதி என்று நினைவு. வரலாற்றுப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது கடைசி வரிசையில் ஒரு மாணவன், பாடநூலுக்குள் வேறொரு சிறு நூலை வைத்துப் படித்துக்கொண்டிருந்தான். அந்நாளைய ஆசிரியர்கள் செய்யும் வழக்கப்படி நானும் அதைப் பிடுங்கி மேசை அறைக்குள் போட்டுப் பூட்டினேன். சிவகாசியிலிருந்து 1984-ஆம் ஆண்டு முதல் வெளிவந்த லயன் காமிக்ஸின் இதழ் ஒன்று அது. அட்டையில் ஓர் இரும்பு மனிதன் நின்றுகொண்டிருந்தான்.

மாலையில் அந்த மாணவன் ஆசிரியர் அறையின் வாயிலில் வந்து நின்றான். "சார், அது என் புத்தகம் இல்லை சார். நாளைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்" என்றான். அவனைச் சற்றுச் சோதிக்க எண்ணி, "இதைப் படைத்தவர் யார், சொல், கொடுத்துவிடுகிறேன்" என்றேன். அவன் தயங்காமல், "ஆர்ச்சி சார்" என்றான். "கதையில் வருபவன் பெயரையா கேட்டேன்? படம் வரைந்தவர் யார்?" என்று அதட்டிவிட்டு, நூலை எடுத்து முதற் பக்கத்திலிருந்து இறுதிப் பக்கம் வரை நானே புரட்டிப் பார்த்தேன். ஓவியர் பெயர் ஓரிடத்திலும் இல்லை. விடையே இல்லாத வினாவைக் கேட்டுவிட்டு மாணவனை எங்ஙனம் கடிந்துகொள்வது? பேசாமல் நூலைக் கொடுத்தனுப்பினேன்.

எந்தப் பாடத்தை நடத்தப் புகுந்தாலும் முதலில் நூலாசிரியரின் பெயரைக் கரும்பலகையில் எழுதவேண்டும் என்று ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குக் கற்பித்திருந்தார்கள். தேர்வில் ஆசிரியர் குறிப்பு வரைக என்று கேட்டு மதிப்பெண்ணும் கொடுக்கிறோம். அப்படியிருக்க, என் மாணவர்கள் எந்தப் பாடநூலையும் விட ஆர்வத்தோடு படித்த ஒரு நூலில் மட்டும் ஆசிரியர் குறிப்புக்கு இடமே இல்லாமற் போயிற்று. அந்தப் படங்களில் பெரும்பாலானவற்றை வரைந்தவர் டெட் கியரன் என்னும் ஆங்கில ஓவியர் என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே நான் அறிந்தேன்.

ரோபோ என்று இன்று நாம் எளிதாகச் சொல்லும் சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. செக் நாட்டு எழுத்தாளர் கரேல் சாபெக் 1920-இல் வெளியிட்ட நாடகம் ஒன்றில்தான் அச்சொல் முதன்முதலில் வழங்கியது. அவர் மொழியில் கட்டாய உழைப்பைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்தது அது. அச்சொல்லைத் தமக்குச் சொல்லிக் கொடுத்தவர் தம் அண்ணன் யோசெப் என்று கரேல் சாபெக் பின்னாளில் செய்தித்தாளில் எழுதினார். யோசெப் ஓர் ஓவியர். ஒரே ஒரு சொல்லுக்குக் கூட உரியவரின் பெயரைச் சொல்லியாக வேண்டும் என்று அவர் கருதினார். ஆயிரக்கணக்கான படங்களை வரைந்த கியரனின் பெயரைச் சொல்லவோ அவர் காலத்துப் பதிப்பகத்துக்கு மனம் வரவில்லை.

1950-இல் இங்கிலாந்தில் ஈகிள் என்ற சிறுவர் வார இதழ் பெருஞ் சிறப்போடு தோன்றியது. அதற்குப் போட்டியாக 1952 பிப்ரவரி 23-ஆம் நாள் லயன் என்ற ஆங்கில இதழ் வெளிவந்தது. அம்முதல் இதழிலேயே ஈ. ஜார்ஜ் கவன் எழுத, கியரன் வரைய, காட்டில் உலவும் இயந்திர மனிதனின் கதை தொடங்கிற்று. ரிச்சி என்னும் பேராசிரியர் அந்த இயந்திர மனிதனைச் செய்தார். அவருடைய உறவினன் டெட்டும் அவன் நண்பன் கென்னும் அதை உடன் கொண்டு உலகைச் சுற்றுகிறார்கள் என்பது கதை. சில மாதங்களில் அது நின்றுபோயிற்று. 1957-இல் மீண்டும் வந்தபோது, லயன் இதழ் 1974 மே மாதத்தில் வேலியன்ட் என்னும் இதழோடு இணைக்கப்படும் வரையில் நிலைத்துவிட்டது.

தொடக்கத்தில் ஆர்ச்சிக்குப் பேச்சுக் கிடையாது. கருவிப் பெட்டியின் பொத்தான்களை அழுத்தினால் நடப்பான்; அழுத்தாவிட்டால் நிற்பான். 1960-களில் அவனுக்குப் பேசும் திறனும் தானே எண்ணும் திறனும் வந்தன. வந்தவுடன் அவன் செய்த முதல் வேலை தற்பெருமை பேசியதுதான்! பின்னர்ச் சதுரங்கக் காயைப் போன்ற கோட்டை வடிவில் ஒரு கால இயந்திரமும் சேர்ந்தது. அதன் பிறகு கதைக்கு எல்லை ஏது?

இனி ஓவியத்துக்கு வருவோம். ஆசிரியர் பயிற்சியில் கரும்பலகைச் சித்திரம் எனக்கும் ஒரு பாடம். இயந்திர மனிதனை வரைவது எளிது என்று எண்ணி ஒரு நாள் பள்ளி முடிந்தபின் சுண்ணக் கட்டியால் முயன்றேன். உருளை ஒன்று தலை, பெரிய உருளை உடல், நான்கு குழாய்கள் கைகால்கள். வரைந்து முடித்துத் தள்ளி நின்று பார்த்தால், நீர்த்தொட்டிக்குப் பக்கத்தில் குழாய்களை அடுக்கி வைத்தாற் போல் இருந்தது. அது நிற்கவில்லை, நடக்கும் என்று எவரும் நம்பமாட்டார்.

கியரனின் ஆர்ச்சி நிற்கிறான். ஏன் என்று பல நாள் பார்த்தேன். முதற் காரணம் எடை. ஆர்ச்சி ஓர் அடி எடுத்து வைத்தால், உடல் முழுவதும் அந்தக் காலின் மேல் சாய்கிறது; தோள் ஒரு பக்கம் தாழ்கிறது. பக்கத்தில் நிற்கும் டெட்டும் கென்னும் மெலிந்த இளைஞர்கள். அவர்களை அருகில் நிறுத்தியதனாலேயே இரும்பின் பருமன் நமக்கு விளங்குகிறது. அளவுகோலைப் படத்துக்குள்ளேயே வைத்துவிட்டார் என்று சொல்லலாம்.

இரண்டாவது, உலோகத்தின் பளபளப்பு. வண்ணமே இல்லாத, கறுப்பு மை ஒன்றையே நம்பிய பக்கங்கள் அவை. மனிதத் தோலில் ஒளி மெல்ல மெல்ல மங்கி நிழலாகும். மெருகிட்ட உலோகத்தில் அவ்வாறன்று. ஒளிர்கின்ற வெண்மைக்குப் பக்கத்திலேயே கடுங்கறுப்பு வந்து நிற்கும். வீட்டில் துலக்கிய எவர்சில்வர் குடத்தை விளக்கருகில் வைத்துப் பார்த்தால் மாணவர்கள் இதை நேரே காணலாம். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டதால், ஒரே மையைக் கொண்டு தோலையும் இரும்பையும் வேறுவேறாகக் காட்ட முடிந்தது. அதிலும், செய்தித்தாள் போன்ற மலிவான தாளில் மை ஊறிப் பரவும். நுண்ணிய கோடுகள் ஒன்றோடொன்று கலந்து கறையாகிவிடும். அச்சுக்குப் போனபின் எஞ்சுவது எது என்பதை அறிந்து வரைபவனே அத்தகைய தாளில் வெல்ல முடியும்.

இவற்றை எல்லாம்விட அருமையானது முகம். பிற ஓவியர்களுக்குப் புருவம் உண்டு, உதடு உண்டு, கண்ணிமை உண்டு. கோபம் என்றால் புருவத்தை வளைத்துவிடுவார்கள். ஆர்ச்சிக்கோ அசையாத முகம். நம் தமிழ்ச் சிறுவர்கள் அவனுக்குச் சட்டித்தலையன் என்று பெயரிட்டது பொருத்தமே. சட்டிக்குக் கோபமும் சிரிப்பும் எப்படி வரும்? கியரன் அவற்றை உடலுக்கு மாற்றினார். ஆர்ச்சி தன் பெருமையைப் பேசும்போது மார்பு முன்னே வருகிறது. கை இடுப்புக்குப் போகிறது. ஏமாற்றம் என்றால் தலை ஒரு பக்கம் திரும்பும். முகமூடி அணிந்து ஆடும் கூத்துக் கலைஞர் எப்படித் தோளாலும் கழுத்தாலும் பேசுகிறாரோ, அப்படி இந்த இரும்பும் பேசுகிறது. பேச்சுக் குமிழிகளை விரலால் மறைத்துவிட்டுப் படங்களை மட்டும் பாருங்கள். ஆர்ச்சி என்ன மனநிலையில் இருக்கிறான் என்பதை ஒரு சிறு பிள்ளையும் சொல்லிவிடும்.

இதை ஒரு முறை செய்வது ஒன்று. வாராவாரம் செய்வது வேறு. 1957 முதல் 1974 வரை பதினேழு ஆண்டுகள். வாரத்துக்கு இரண்டு பக்கம் என்று வைத்துக்கொண்டாலும் ஆயிரத்தறுநூறு பக்கங்களுக்கு மேல் ஆகிறது. அவற்றுள் பெரும்பகுதி ஒரே கையிலிருந்து வந்தது. காய்ச்சல் வந்தாலும் அச்சகம் காத்திராது. உயர்நிலைப் பள்ளியில் ஆண்டுதோறும் அதே பாடத்தை நடத்தியவன் என்ற முறையில் எனக்கு அதன் களைப்புத் தெரியும். பத்தாம் ஆண்டில் பாடம் வாயிலிருந்து வரும். மனம் வேறெங்கோ இருக்கும். கியரனின் பக்கங்களிலும் அத்தகைய நாட்கள் உண்டு என்பதை மறைக்கவேண்டியதில்லை. பின்புலம் வெறுமையாக விடப்பட்ட கட்டங்கள் உண்டு. முன்பே கண்ட நிலையில் மீண்டும் நிற்கும் உருவங்கள் உண்டு. அக்காலத்து ஆங்கிலச் சிறுவர் கதைகள், காட்டில் வாழும் மக்களை அறியாதவர்களாகவும் எளிதில் மிரள்பவர்களாகவும் காட்டும் வழக்கமும் இதில் இருக்கிறது. அதை நாம் பாராட்ட முடியாது. ஆனால் ஆர்ச்சியின் உருவம் மட்டும் சலிப்புற்ற கையால் வரைந்ததாக எனக்குத் தோன்றியதில்லை.

அப்படியாயின் பெயரை ஏன் போடவில்லை? மறதியாலன்று. அந்நாளைய ஆங்கிலப் பதிப்பகங்களிற் பல, பெயரை வேண்டுமென்றே விலக்கின. பெயர் தெரிந்தால் போட்டிப் பதிப்பகம் அழைத்துக்கொண்டுவிடும்; வாசகர் ஓவியரைத் தேடத் தொடங்கினால் அவர் கூடுதல் ஊதியம் கேட்பார்; அவர் விலகினால் வேறொருவரை அமர்த்துவதும் கடினம். பெயரில்லாத கையை மாற்றுவது எளிது. வரைந்த தாள்களையும் பதிப்பகமே வைத்துக்கொள்வது வழக்கம். எல்லா இதழ்களும் அவ்வாறிருந்தன என்று சொல்லமாட்டேன். ஈகிள் இதழில் ஃப்ராங்க் ஹாம்ப்சன் தம் படங்களில் கையொப்பமிட்டார். நம் வாசகர்கள் 1972 முதல் முத்து காமிக்ஸில் விரும்பிப் படித்த இரும்புக்கை மாயாவியை வரைந்த ஸ்பெயின் நாட்டவர் ஹெசூஸ் பிளாஸ்கோவும், கியரனைப் போலவே நெடுநாள் நம்மிடையே பெயரின்றி உலவியவர்தாம்.

மாற்றம் 1977-இல் வந்தது. அவ்வாண்டு தொடங்கிய 2000 ஏடி என்ற ஆங்கில இதழில், கெவின் ஓ'நீல் என்பவர் எழுதியவர், வரைந்தவர் பெயர்களைச் சிறு கட்டமிட்டுப் பக்கத்தில் சேர்த்தார். அவரும் இயந்திர மனிதர்களை வரைவதில் பேர்பெற்றவர், 2022-இல் மறைந்தார். அவர் வைத்த அந்தச் சிறு கட்டம் பின்னர் ஆங்கிலச் சித்திரக் கதை உலகில் வழக்கமாயிற்று. லயன் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே நின்றுபோயிருந்ததால், அந்தப் பயன் ஆர்ச்சியின் பக்கங்களுக்குக் கிட்டவில்லை.

ஆர்ச்சி மட்டும் ஓயவில்லை. 1975-இல் வல்கன் என்ற இதழில் பழைய கதைகள் மீண்டும் வந்தன. நெதர்லாந்தில் அவனுக்குப் பெருங் கூட்டம் வாசகர்கள் சேர, பெர்ட் புஸ் என்னும் அந்நாட்டு ஓவியர் புதிய கதைகளை வரைந்தார். தமிழுக்கு வந்தபோது ஆங்கில எழுத்துகளை நீக்கித் தமிழ் எழுத்துகளைப் பொருத்தினார்கள். மூலத்திலேயே இல்லாத பெயர் தமிழில் எப்படி வரும்?

ஓய்வு பெற்றபின் ஒரு பழைய புத்தகக் கடையில் ஆர்ச்சியின் தமிழ் இதழ் ஒன்று கிடைத்தது. மூலைகள் மடங்கி, யாரோ ஒரு சிறுவன் அட்டையில் தன் பெயரையும் வகுப்பையும் மையினால் எழுதியிருந்தான். வீட்டுக்குக் கொண்டுவந்து, முதற் பக்கத்தின் அடியில், படங்கள்: டெட் கியரன் என்று பென்சிலால் எழுதி வைத்தேன். என் பேரன் அதைப் படித்துவிட்டு, "தாத்தா, இவர்தான் ஆர்ச்சியா?" என்று கேட்டான்.