புரூட் ஒயின்

புரூட் என்பது இனிப்பு மிகக் குறைந்த நுரை ஒயின் வகையாகும். இது பிரெஞ்சுச் சொல். 'பச்சையான', 'மெருகூட்டப்படாத' என்று பொருள்படும். ஒரு லிட்டரில் 12 கிராமுக்கும் குறைவாகச் சர்க்கரை உள்ள நுரை ஒயினுக்கே ஐரோப்பிய விதிகள் இப்பெயரை அனுமதிக்கின்றன. வடகிழக்குப் பிரான்சின் குளிர்ந்த ஷாம்பெயின் வட்டாரம் இதன் தாயகம். இந்தியாவில் மகாராட்டிரத்தின் நாசிக், புணே மாவட்டங்களில் 1980களிலிருந்து இவ்வகை ஒயின் தயாரிக்கப்பட்டு வந்துள்ளது.

பெயர்களும் இனிப்பும்

ஒயினைப் பற்றிய பேச்சில் 'உலர்' என்ற சொல்லுக்கு ஈரமின்மை என்று பொருளல்ல, இனிப்பின்மை என்றே பொருள். திராட்சைச் சாற்றில் உள்ள சர்க்கரையை ஈஸ்ட் முழுவதும் தின்று ஆல்ககாலாக மாற்றிவிட்டால் அது உலர் ஒயின்.

நுரை ஒயின் புட்டிகளில் காணப்படும் பெயர்கள் வாங்குவோரை எளிதில் ஏமாற்றிவிடும். 'எக்ஸ்ட்ரா டிரை' என்று எழுதியிருந்தால் அதுதான் மிக உலர்ந்தது என்று தோன்றும். உண்மையில் அதில் லிட்டருக்கு 12 முதல் 17 கிராம் வரை சர்க்கரை இருக்கும். புரூட்டை விட அது இனிப்பானது. வெறும் 'செக்' (பிரெஞ்சில் 'உலர்ந்த') என்பதில் 17 முதல் 32 கிராம் வரையிலும், 'டெமி-செக்' என்பதில் 32 முதல் 50 கிராம் வரையிலும் இருக்கும். புரூட்டுக்கும் கீழே 'எக்ஸ்ட்ரா புரூட்' (6 கிராம் வரை), 'புரூட் நேச்சர்' (3 கிராமுக்கும் குறைவு, பிற்சேர்க்கைச் சர்க்கரை இல்லை) என்று இரண்டு படிகள் உள்ளன. ஒப்புக்குச் சொன்னால், கோலா பானங்களில் லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது.

இந்தக் குழப்பத்துக்கு வரலாறே காரணம். 19ஆம் நூற்றாண்டில் ஷாம்பெயின் மிகவும் இனிப்பான பானமாக இருந்தது. ரஷ்யாவுக்குப் போன சரக்கு எல்லாவற்றிலும் இனிப்பானது. அந்த நாளில் 'செக்' என்பது உண்மையிலேயே இனிப்புக் குறைந்ததாகத் தோன்றியிருக்கும். இங்கிலாந்து வாடிக்கையாளர்கள் மேலும் மேலும் உலர்ந்ததைக் கேட்கவே, பெயர்கள் கீழ்நோக்கிக் கூடிக்கொண்டே போயின. பொம்மெரி நிறுவனம் வெளியிட்ட 1874ஆம் ஆண்டு விளைச்சலின் புரூட் ஒயின் அந்தச் சுவையை நிலைநிறுத்தியது. இன்று விற்பனையாகும் ஷாம்பெயினில் மிகப் பெரும்பகுதி புரூட் வகைதான்.

குளிர் ஏன் தேவை

சர்க்கரை பல குறைகளை மூடிவிடும். அதை எடுத்துவிட்டால் ஒயினைத் தாங்கி நிற்க வேண்டியது புளிப்பு. புளிப்பில்லாத உலர் நுரை ஒயின் சப்பென்றிருக்கும். ஆகவே புரூட்டின் அடிப்படை, திராட்சையில் போதிய அமிலம் இருப்பதே.

திராட்சையில் முக்கியமாக இரண்டு அமிலங்கள் உள்ளன. டார்டாரிக் அமிலம் எளிதில் சிதையாது. மாலிக் அமிலம் அப்படியல்ல. காய் பழுக்கும்போது பழமே அதைச் சுவாசத்தில் எரித்துவிடுகிறது. வெப்பம் கூடினால் இந்த எரிப்பும் வேகமெடுக்கும். வெப்ப நாட்டில் பழத்தில் சர்க்கரை ஏறும் வேகத்தைவிடப் புளிப்பு இறங்கும் வேகம் அதிகம். குளிர்நாட்டில் பழம் மெதுவாகப் பழுக்கிறது. மணம் கூடிவரும் நேரத்திலும் புளிப்பு குறையாமல் நிற்கிறது. இரவுக் குளிர் இதில் பகல் வெப்பத்தைவிட முக்கியமானது என்று சொல்லலாம்.

ஷாம்பெயினின் பெருநகரான ரேன்ஸ் ஏறத்தாழ 49 பாகை வட அகலாங்கில் உள்ளது. அதன் ஆண்டுச் சராசரி வெப்பநிலை சுமார் 11 பாகை செல்சியசு. திராட்சை பழுக்கக்கூடிய எல்லையின் விளிம்பு அது. சென்னைக்கு வடக்கே 13 பாகை அகலாங்கில் உள்ள மீஞ்சூரில் சனவரி இரவுகூட 20 பாகையை ஒட்டியே நிற்கும். அங்கே வீட்டுப் பந்தலில் திராட்சைக் கொடி படர்ந்து காய்க்கலாம்; ஆனால் அந்தப் பழத்தில் புரூட்டுக்கு வேண்டிய புளிப்பு தங்காது.

தயாரிப்பு முறை

முதலில் திராட்சையை மென்மையாகப் பிழிந்து, சாறு எடுத்து, நுரையில்லாத சாதாரண ஒயின் ஆக்குகிறார்கள். ஷாம்பெயின் விதிப்படி 4,000 கிலோ திராட்சையிலிருந்து 2,550 லிட்டர் சாறுதான் எடுக்கலாம். அங்கு பெரும்பாலும் பயன்படும் மூன்று வகைகளில் ஷார்டொனே மட்டுமே வெள்ளை. பினோ நுவார், மெனியே இரண்டும் கருந்தோல் கொண்டவை. அழுத்திப் பிழிந்தால் தோலின் நிறம் சாற்றில் இறங்கிவிடும்.

இந்த முதல் ஒயினைத் தனியே குடித்தால் முகம் சுளிக்க வைக்கும் அளவுக்குப் புளிக்கும். அதைப் புட்டியில் ஊற்றி, லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து மூடுகிறார்கள். புட்டிக்குள் மறுபடி நொதித்தல் நடக்கிறது. வெளியேற வழியில்லாத கார்பன் டை ஆக்சைடு ஒயினிலேயே கரைந்துவிடுகிறது. ஆல்ககால் ஒரு விழுக்காட்டுக்குச் சற்று மேல் ஏறுகிறது.

புட்டிக்குள் உருவாகும் அழுத்தம் சுமார் 6 வளிமண்டலம். பஞ்சர் கடை அளவில் சொன்னால் ஏறத்தாழ 90 பவுண்டு. காரின் டயருக்கு 30 முதல் 35 பவுண்டு காற்று போதும். மீஞ்சூர் வழியாகத் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரியின் டயரில் 100 பவுண்டுக்கு மேல் இருக்கும். ஒயின் புட்டி லாரிப் பக்கம்தான் நிற்கிறது. அதனால்தான் ஷாம்பெயின் புட்டி 835 கிராம் எடையுள்ள தடித்த கண்ணாடியால் ஆனது. 2010க்கு முன் அதன் எடை 900 கிராம்.

நொதித்து முடிந்த ஈஸ்ட் வண்டலாகப் படிகிறது. அதன்மேலேயே ஒயினைக் கிடத்திவைக்க வேண்டும். ஷாம்பெயினில் மொத்தம் 15 மாதம் என்பது குறைந்தபட்ச விதி, ஒரே ஆண்டு விளைச்சலின் பெயரைத் தாங்கிய புட்டிக்கு 36 மாதம். ரொட்டி சுட்டது போன்ற மணம் இங்குதான் வருகிறது. பிறகு புட்டியைத் தலைகீழாகச் சாய்த்துச் சிறிது சிறிதாகத் திருப்பி, வண்டலைக் கழுத்துக்குக் கொண்டுவருகிறார்கள். கழுத்தை மட்டும் உறையவைத்து மூடியைத் திறந்தால், உறைந்த வண்டல் அழுத்தத்தால் தானே தெறித்து வெளியேறும். குறைந்த இடத்தை ஒயினும் சிறிது சர்க்கரையும் கலந்த கரைசலால் நிரப்பித் தக்கையிடுகிறார்கள். புரூட்டா, டெமி-செக்கா என்று முடிவாவது இந்தக் கடைசி நிமிடத்தில்தான்.

இம்முறையை தொம் பெரிஞ்ஞோன் என்ற துறவி கண்டுபிடித்ததாகச் சொல்லப்படுவது சரியல்ல. அவர் (1638–1715) நுரையை ஒரு குறையாகக் கருதி அதைத் தவிர்க்கவே முயன்றார். ஒயினில் சர்க்கரை சேர்த்து நுரைக்கவைக்கும் வழக்கத்தைப் பற்றி இலண்டன் ராயல் சொசைட்டியில் கிறிஸ்டோபர் மெரெட் என்ற ஆங்கிலேயர் 1662லேயே எழுதியிருக்கிறார்.

இந்தியாவில்

இந்தியாவில் ஏற்றுமதித் தரத்தில் இதைச் செய்த முன்னோடி, ஷாம்ராவ் சௌகுலே நிறுவிய ஷாம்பெயின் இண்டேஜ். புணே மாவட்டத்தின் நாராயண்காவில், பிரான்சின் பைப்பர்-ஹைட்சிக் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன், 1980களின் நடுவில் அங்கு உலர் நுரை ஒயின் உருவாயிற்று. வெளிநாட்டில் அது 'ஓமர் கய்யாம்' என்றும், உள்நாட்டில் 'மார்க்கீஸ் த பொம்பதூர்' என்றும் விற்றது. மதுவைப் பாடிய பாரசீகக் கவிஞரின் பெயர் அயல்நாட்டாருக்கு, பிரெஞ்சு அரசவைப் பெண்ணின் பெயர் நமக்கு! கடனில் சிக்கிய அந்நிறுவனம் பிற்காலத்தில் மூடப்பட்டது.

இன்று மையம் நாசிக். 1999இல் தொடங்கிய சுலா நிறுவனம் அங்கு புரூட் தயாரிக்கிறது. ஷாந்தோன் என்ற பிரெஞ்சு நிறுவனம் 2013இல் தன் இந்தியப் புரூட்டை வெளியிட்டது. அதற்கான ஆலையை நாசிக்கை அடுத்த திண்டோரியில் அமைத்தது.

நாசிக் 20 பாகை அகலாங்கில் உள்ளது. குளிர்நாடு என்று எந்தக் கணக்கிலும் சொல்ல முடியாது. அங்கு குளிரை உயரத்திலும் நாட்காட்டியிலும் தேடிப் பிடிக்கிறார்கள். கடல்மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரம் ஓரளவு உதவுகிறது. மீதி கவாத்தில் இருக்கிறது. ஐரோப்பாவில் கொடி பனிக்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும். வசந்தத்தில் துளிர்த்து, செப்டம்பரில் பழம் தரும். நாசிக்கில் கொடி உறங்குவதே இல்லை. நாசிக் உழவர் ஏப்ரலில் ஒருமுறை வெட்டுகிறார். மழைக்காலத்தில் கிளை மட்டும் வளரட்டும் என்று விடுகிறார். செப்டம்பர், அக்டோபரில் மறுமுறை வெட்டுகிறார். அந்தத் துளிரில்தான் காய் பிடிக்கிறது. பனிக்காலத்தில் பழுத்து, சனவரியிலிருந்து மார்ச்சுக்குள் அறுவடையாகிறது. இரண்டு கவாத்து, ஒரே அறுவடை. பழம் பழுக்கும் டிசம்பர், சனவரி இரவுகளில் நாசிக்கில் வெப்பநிலை 10 பாகைக்கு இறங்கும். நுரை ஒயினுக்கான பழத்தை எல்லாவற்றுக்கும் முன்பே, சர்க்கரை முழுதாக ஏறுமுன் பறித்துவிடுகிறார்கள். வெயிலிலும் புளிப்பைக் காத்துக்கொள்ளும் ஷெனின் பிளாங்க் என்ற வகை அங்கு பெரிதும் கைகொடுக்கிறது. ரேன்ஸ் நகரில் சுண்ணாம்புப் பாறைக் குகைகள் இயற்கையாகவே 10 முதல் 12 பாகையில் இருப்பதால் ஒயின் அங்கு முதிர்கிறது. நாசிக்கில் அந்த வேலையைக் குளிரூட்டும் எந்திரம் செய்கிறது. ஒவ்வொரு மாதமும் அதற்கு மின்கட்டணம் உண்டு.

தமிழ்நாட்டின் திராட்சை நிலம் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு. அங்கு பந்தலில் விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடப்பது அதன் சிறப்பு. ஆனால் அதுவே புரூட்டுக்குத் தடை. குளிர்ப் பருவத்தை நோக்கி அறுவடையைக் கட்டும் தேவை அங்கு எழவில்லை, வருமானமும் ஆண்டு முழுதும் பழம் விற்பதில்தான் இருக்கிறது. பன்னீர் திராட்சை மஸ்கட் ஹாம்பர்க் என்னும் மணமிக்க வகை. இத்தாலியில் மஸ்கட் குடும்பத்துப் பழத்தில் செய்யும் ஆஸ்தி என்ற நுரை ஒயின் இனிப்பானது. மஸ்கட்டின் மணத்துக்கு இனிப்புதான் பொருந்துகிறது. கம்பத்தில் ஒருநாள் நுரை ஒயின் செய்தால், புரூட்டைவிட ஆஸ்தியின் வழியே இயல்பானதாக இருக்கும்.

பெயர் உரிமை

பேச்சுவழக்கில் நுரைக்கும் ஒயின் எல்லாவற்றையும் ஷாம்பெயின் என்கிறோம். சட்டப்படி அது பிரான்சின் குறிப்பிட்ட வட்டாரத்துக்கு மட்டும் உரியது. 1999ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின் கீழ் இந்தியாவிலும் அப்பெயர் பதிவாகியுள்ளது. கம்பம் பன்னீர் திராட்சை என்ற பெயருக்குப் பாதுகாப்புத் தருவதும் இதே சட்டம்தான். 'புரூட்' என்பது ஊர்ப்பெயர் அல்ல, இனிப்பளவின் பெயர். அதனால் நாசிக் நிறுவனங்கள் அதைத் தாராளமாகப் பயன்படுத்துகின்றன.

மாறும் காலநிலை

ஷாம்பெயினிலேயே குளிர் குறைந்துவருகிறது. முன்பு செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ தொடங்கிய அறுவடை 2003, 2007, 2011, 2018, 2020 ஆகிய ஆண்டுகளில் ஆகஸ்டிலேயே தொடங்கியது. பழம் கூடுதலாகக் கனிவதால் கடைசியில் சேர்க்கும் சர்க்கரையைத் தயாரிப்பாளர்கள் குறைத்துவருகின்றனர். எக்ஸ்ட்ரா புரூட் பெருகுவதற்கு இதுவும் ஒரு காரணம். மறுபுறம், திராட்சைக்கு மிகக் குளிர்ந்தது என்று ஒதுக்கப்பட்ட தென் இங்கிலாந்து இப்போது நல்ல புரூட் தருகிறது. ஷாம்பெயினின் தைத்தாஞ்சே நிறுவனமே 2015இல் கென்ட் மாவட்டத்தில் நிலம் வாங்கியது.

கையாளுதல்

வெப்பம் கூடினால் புட்டிக்குள் அழுத்தமும் கூடும். வெயிலில் நிறுத்திய காரிலோ, சமையலறைப் பரண்மேலோ இதை வைக்கக் கூடாது. 8 முதல் 10 பாகைக்குக் குளிர்ந்த பின்னரே திறக்க வேண்டும். கம்பியைத் தளர்த்தும்போதே தக்கைமேல் கட்டைவிரல் இருக்க வேண்டும். தக்கையைத் திருகாமல் புட்டியைத் திருப்ப வேண்டும். விளையாட்டு மேடைகளில் செய்வதுபோல் குலுக்கித் திறந்தால் பாதி ஒயின் தரைக்குப் போகும். தெறிக்கும் தக்கையால் கண்பார்வை இழந்தவர்களும் உண்டு. ஆல்ககால் அளவு சுமார் 12 விழுக்காடு, அதாவது பீரைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு.