சர்க்கரை டப்பா காலியானது ஏன்?

ஆரணிப் பட்டு நெய்யும் குடும்பம் எங்களுடையது. என் கொழுந்தனுக்கு வயது, 20. பதினோரு வயதிலேயே, 'டைப் 1' சர்க்கரை நோய் வந்து, இன்சுலின் ஊசியில் தான் காலம் ஓடுகிறது. மாமியார் இறந்த பின், அவனை நான் தான் கவனித்து வருகிறேன்.

கடந்த ஆண்டு, காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால், 280, 300 என்றே காட்டியது. மூன்று மாத சராசரியைச் சொல்லும், 'எச்.பி.ஏ1சி' பரிசோதனையில், 10.8, ஏழுக்குள் இருக்க வேண்டுமாம். சமையலறையில் சர்க்கரை டப்பாவோ, வேகமாய் காலியானது. 'திருட்டுத்தனமா தின்னுட்டு, எங்க உயிரை வாங்குறியே...' என, தறியில் இருந்தவனை, எல்லார் எதிரிலும் திட்டினேன். அவன் தலை நிமிரவே இல்லை.

வேலூர் டாக்டர், மேல் கையில் ஒட்டும், 'சென்சார்' போடச் சொன்னார். பத்து ரூபாய் நாணயத்தை விட சற்றுப் பெரிய வில்லை அது. அதன் மெல்லிய இழை, தோலுக்கு அடியில் இருந்து, 14 நாட்கள், இரவு பகலாய் சர்க்கரை அளவைப் பதிவு செய்யும். ஒரு சேலைக் கூலி முழுதும் அதற்கே போனது.

பதிவைக் காட்டினார், டாக்டர். பல நாள், இரவு, 2:00 மணிக்கு மேல், 50க்கு இறங்கியிருந்தது. 70க்குக் கீழே போனாலே ஆபத்தாம். வியர்த்து, நடுங்கி எழுந்தவன், பயத்தில் சர்க்கரையை அள்ளித் தின்றிருக்கிறான்; அதுதான் காலையில், 300. அதை மட்டும் பார்த்து, இரவு இன்சுலினைக் கூட்டியிருக்கிறோம்!

'ஏன்டா சொல்லலை?' என்றேன். 'சொன்னா, நம்பியிருப்பீங்களா அண்ணி...' என்றான். எனக்கு அழுகையே வந்து விட்டது.

இரவு ஊசியின் அளவைக் குறைத்த டாக்டர், 'சர்க்கரை இறங்கினால், மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். சென்சார், ரத்தத்தில் அல்ல, தோலடி நீரில் அளப்பதால், சில நிமிடம் பின்தங்கும். சந்தேகம் வந்தால், விரலில் குத்திப் பாருங்கள்...' என்றார். மூன்று மாதத்தில், 10.8, 8.4 ஆனது.

மறுபடி சென்சார் வாங்க வசதியில்லை. டாக்டர் சொன்னபடி, வாரம் ஒருநாள், இரவு, 3:00 மணிக்கு எழுந்து, சாதாரண மிஷினிலேயே பார்க்கிறோம்.

சகோதரிகளே... சர்க்கரை கூடினால், பிள்ளைகளைத் திட்டும் முன், இரவில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். டாக்டரைக் கேட்காமல், ஊசியின் அளவை மட்டும் மாற்றாதீர்கள்!

— ஒரு வாசகி, திருமலை, ஆரணி.