காற்று குவித்த செங்குன்றுகள்

முருகனின் ஆறு படைவீடுகளில் திருச்செந்தூர் மட்டுமே கடலோரத்தில் இருக்கிறது என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். மலைதோறும் நிற்கும் குமரன் இங்கே இறங்கி வந்து அலைவாயில் நிற்கிறான் என்று பக்தர்கள் சொல்வார்கள். ஆனால் கோயிலுக்கு வடக்கே நடந்து வள்ளி குகைக்குப் போகிறவர்கள் தலை குனிந்துதான் உள்ளே நுழைய வேண்டியிருக்கிறது. அந்தக் குகை குடையப்பட்டிருப்பது ஒரு பாறைக் குன்றின் வயிற்றில். கோயில் நிற்கும் இடத்துக்கே சந்தனமலை, கந்தமாதன பர்வதம் என்று பெயர்கள் உண்டு. செந்திலாண்டவனும் குன்றின்மேல்தான் நிற்கிறான். மணல் இறுகிப் பிறந்த சிறு குன்று அது.

அந்தப் பாறையை நகத்தால் சுரண்டினால் மணல் உதிரும். பழைய கடற்கரை மணலும் சிப்பித் தூளும் காற்றில் குவிந்து, மழைநீரில் கரைந்த சிப்பிச் சுண்ணாம்பு மணிகளுக்கு இடையே இறங்கிக் கெட்டிப்பட்டு உருவான கல். கையால் குடையலாம், எளிதாக அறுக்கலாம். ஆனால் உப்புக் காற்றுக்கு நிற்காது. பழைய செந்தூர்க் கோயில் இந்தக் கல்லில் எழுந்ததால் நாளடைவில் அரித்துப்போயிற்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மௌனசாமி என்னும் துறவி திருப்பணியைத் தொடங்கினார். அவருக்குப் பின் காசிசாமி, ஆறுமுகசாமி என்று ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடர்ந்து, கருங்கல்லில் கோயிலைக் கட்டி முடித்துக் குடமுழுக்கு நடந்தது 1941இல். கோயிலுக்குத் தெற்கே, கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் நாழிக்கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறுவதைப் பக்தர்கள் வேலின் அருளாகக் காண்கிறார்கள். மழையைக் குடித்து வைத்துக்கொள்ளும் மணற்கல்லின் குணமும் அதில் சேர்ந்திருக்கிறது.

தெற்கே உடன்குடியைத் தாண்டினால் மணப்பாட்டில் இதே வகைக் குன்று கடலுக்குள் மூக்கு நீட்டி நிற்கிறது. அதன் உச்சியில் 1581இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கிச் செபித்த குகை அந்தக் குன்றின் கடல்முகத்தில் இருக்கிறது. செப்டம்பர் 14ஆம் தேதித் திருவிழாவுக்கு மேட்டில் நிற்க இடம் கிடைக்காது. இந்துவின் குகையும் கிறிஸ்தவரின் குகையும் ஒரே கல்லில் குடைந்தவை என்பது இந்தக் கரைக்கே உரிய பெருமை.

இவை இரண்டும் பெயர் பெற்றவை. இவற்றைவிடப் பன்மடங்கு பரந்த, பன்மடங்கு விசித்திரமான குன்றுகள் ஊருக்கு மேற்கே கிடக்கின்றன. செந்தூருக்கு வரும் பேருந்துகளில் பெரும்பாலானவை அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை.

காயாமொழி வழியாகத் தேரிக்குடியிருப்புக்குப் போகிறவர்களுக்குப் பனைகளுக்கு இடையே நிலம் சிவக்கத் தொடங்கும். செம்மண் வயல்களில் காணும் சிவப்பு அல்ல இது. செங்கல் தூளைக் கொட்டி வைத்தது போன்ற சிவப்பு. மேடும் பள்ளமுமாகக் கண்ணுக்கெட்டிய வரை மணல். இத்தகைய செம்மணல் மேட்டைத் தேரி என்பார்கள். இதுதான் குதிரைமொழித் தேரி. சாத்தான்குளம், நாசரேத், சாயர்புரம், இடையன்குடி, வடக்கே சூரங்குடி என்று இந்தக் கரையை ஒட்டிப் பல தேரிகள் உண்டு என்றாலும், பரப்பிலும் அழகிலும் குதிரைமொழிக்கே முதலிடம் தரலாம். மேடுகளில் ஏறுவதற்குள் மூச்சு வாங்கிவிடும். ஓர் அடி வைத்தால் அரை அடி சறுக்கும். ஆடி மாதத்தில் காலையில் பதிந்த காலடி மாலையில் இருக்காது. வழி தெரியாதவர்கள் தனியாக உள்ளே போகக் கூடாது என்று ஊர்க்காரர்கள் எச்சரிப்பதில் மிகை எதுவும் இல்லை.

இவ்வளவு மணல் எங்கிருந்து வந்தது? ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகத்தின் வடபகுதிகள் பனியில் மூடிக் கிடந்தபோது, கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. மன்னார் வளைகுடாவின் ஆழமற்ற தரை வெட்டவெளியாகக் கிடந்தது. காய்ந்த அந்தக் கடல்தரை மணலைக் காற்று வாரி வாரிக் கரையில் குவித்தது என்பது ஆய்வாளர் பலர் தரும் விளக்கம். வேறு சிலர் மேற்கைக் காட்டுகிறார்கள். தென்மேற்குப் பருவக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நெருக்குண்டு பாய்ந்து வரும்போது, மேற்கு மலையடிவாரத்து இரும்புச் சத்துள்ள மண்ணை அள்ளி வந்தது என்கிறார்கள். இன்றைக்கு முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றுவதும் அதே காற்றுத்தான்.

சிவப்புக்குக் காரணம் மணலுக்கு உள்ளேயே இருக்கிறது. இல்மனைட், கார்னெட் போன்ற இரும்புக் கனிமங்கள் மழையிலும் வெயிலிலும் சிதைந்து, ஒவ்வொரு மணல்மணியின் மேலும் துருப் பூச்சாகப் படிகின்றன. கடலோரத்துக் குன்றைச் சுண்ணாம்பு கல்லாக்கியது. உள்நாட்டுக் குன்றை இரும்பு சிவப்பாக்கியது. மணல்மணி கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தது என்று கணக்கிடும் ஒளிர்வு முறை ஒன்று உண்டு. தேரி மணலை அப்படிச் சோதித்தவர்கள் சுமார் 11,000 ஆண்டுகளுக்கும் 5,000 ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தைச் சொல்கிறார்கள். மலைகளின் வயதோடு ஒப்பிட்டால் இது பச்சிளம் பருவம். பொதிகைப் பாறைகளுக்கு வயது கோடிக்கணக்கில். தேரி எழுவதையோ மனிதர்கள் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறார்கள்.

பார்த்ததற்குச் சாட்சியும் விட்டுப் போயிருக்கிறார்கள். 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்கால ஆயுதத்தைக் கண்டெடுத்துப் புகழ்பெற்ற நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், பின்னாளில் சாயர்புரம் தேரியில் சின்னஞ்சிறு கல்லாயுதங்களைப் பார்த்தார். எஃப். இ. சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் திருநெல்வேலிச் சீமைத் தேரிகளின் நுண்கற்கருவிகளைப் பற்றி எழுதிய விரிவான கட்டுரை, இந்தியத் தொல்லியல் துறையின் இதழில் 1956இல் வெளிவந்தது. பிறை வடிவக் கருவிகள், அம்புமுனைகள், சுரண்டிகள். பல நகத்தளவே இருக்கும். அவற்றில் ஒருவகை அம்புமுனை, கல்லை அடித்து உடைக்காமல் அழுத்திச் சில்லுப் பெயர்த்து இரண்டு முகமும் தீட்டிய நுட்பமான வேலை. அதற்கு நெருங்கிய உறவு மன்னார் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம், இலங்கையின் கற்காலக் கருவிகளில் இருக்கிறது. வட இலங்கையில் இரணைமடுப் பகுதியின் செம்மணற் படிவுகளிலும் இத்தகைய கருவிகள் கிடைக்கின்றன.

தேரியில் தானாகக் கல் கிடையாது, மணல் மட்டுமே. எனவே அங்கே கிடக்கும் ஒரு படிகக்கல் துண்டையோ பழுப்புநிறச் சில்லையோ எடுத்துப் பார்த்தால், அது பெரும்பாலும் யாரோ ஒருவர் வேறிடத்திலிருந்து சுமந்து வந்து, மணல்மேட்டின் சரிவில் உட்கார்ந்து செதுக்கிய துண்டாகத்தான் இருக்கும். ஆதிச்சநல்லூர், சிவகளை என்றால் இன்று தமிழ்நாடே நிமிர்ந்து உட்காருகிறது. அந்த ஊர்களிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத இந்த மணல்மேட்டில், இரும்பும் தாழியும் வருவதற்கு வெகுகாலம் முன்பே மீன்பிடித்தும் வேட்டையாடியும் வாழ்ந்தவர்களைப் பற்றி நாம் பேசுவதில்லை. இது பெரிய குறை.

காற்று தன் வேலையை நிறுத்தவில்லை. பழைய காலத்தில் தேரி நகர்ந்து வந்து வயலையும் குடிசையையும் மூடும் என்ற பயம் இந்த வட்டாரத்தில் இருந்தது. அதைத் தடுத்து நிறுத்தியவை மரங்கள். குடை விரித்தாற்போல் படர்ந்து நிற்கும் உடைமரம், கொல்லாமரம், எல்லாவற்றுக்கும் மேலாகப் பனை. மணலுக்குள் ஆழமாகச் சல்லிவேர் பரப்பி, எந்தக் காற்றுக்கும் அசையாமல் நின்ற பனைதான் தேரியைக் கட்டிப் போட்டது. தேரிக்காரர்களுக்குச் சோறும் போட்டது. பங்குனி முதல் ஆடி வரை பாளை சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீர் இறக்கி, விடிலிக் குடிசையில் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி எடுப்பது கருப்பட்டி. புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டிக்கு அந்தச் சுவையைக் கொடுப்பது இந்த மண்ணும் அதில் ஊறிய நீரும் என்று பனையேறிகள் உறுதியாகச் சொல்வார்கள்.

இந்த மணல்மேடுகளை முதலில் விரிவாக எழுதி வைத்தவர்களில் ஒருவர் ராபர்ட் கால்டுவெல். ஸ்காட்லாந்துப் பெற்றோருக்கு அயர்லாந்தில் பிறந்து, கிளாஸ்கோவில் படித்தவர். பசுமையும் பனியுமான குன்றுகளின் நாட்டிலிருந்து 1838இல் சென்னைக்கு வந்து, 1841இல் இடையன்குடிக்கு நடந்தே போய்ச் சேர்ந்தார். பனையும் செம்மணலும் தவிர வேறெதுவும் இல்லாத ஊரில் அரை நூற்றாண்டு தங்கினார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்டவர், தாம் வாழ்ந்த தேரியின் நிலவியலையும் தமது திருநெல்வேலி வரலாற்று நூலில் பதிந்தார். அவர் காலத்தில் மெஞ்ஞானபுரத்தில் ஜான் தாமஸ் என்னும் மிஷனரி கிணறு தோண்டி மரம் வைத்து மணற்காட்டை ஊராக்கினார். அங்கே அவர் எழுப்பிய ஆலயத்தின் 192 அடிக் கோபுரம் இன்றும் பனைகளுக்கு மேலே தெரிகிறது.

தேரியில் பெய்யும் மழை ஓடுவதில்லை. விழுந்த இடத்திலேயே மணல் குடித்துவிடும். குடித்த நீர் அடியிலே மெல்ல நகர்ந்து, மேடு தாழும் இடங்களில் கசிந்து வரும். மேடுகளுக்கு இடையே தேங்கும் ஏரிகளுக்குத் தருவை என்று பெயர். புத்தன்தருவை போன்ற ஊர்ப்பெயர்கள் அப்படி வந்தவை. கோடையில் பாதம் பொரியும் மணலுக்கு நடுவே மேலப்புதுக்குடியில் ஒரு சுனை இருக்கிறது. அதைக் காக்கும் தெய்வம் அருஞ்சுனை காத்த அய்யனார். சுனைக்கே ஒரு காவல் தெய்வத்தை வைத்த முன்னோர்கள், அந்த நிலத்தில் எது அரிதோ அதை அறிந்து வைத்தார்கள். பங்குனி உத்திரத்தன்று குலதெய்வத்தைத் தேடி வரும் குடும்பங்கள் சுனையைச் சுற்றிப் பொங்கல் வைக்கின்றன.

தேரிக்குடியிருப்பில் கருக்குவேல் அய்யனார். கார்த்திகை மாதக் கடைசி நாளில் அங்கே நடக்கும் கள்ளர்வெட்டுத் திருவிழாவுக்குச் சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் சொந்தக்காரர்கள் ஊர் திரும்புகிறார்கள். கோயிலுக்குப் பின்னால் செம்மணல் வெளியில் மக்கள் நெருக்கியடித்து நிற்க, கள்ளனாகப் பாவித்து வைத்த இளநீர் வெட்டப்படும். நீர் சிந்திய மணலை அள்ள எல்லாரும் ஓடுவார்கள். முடிந்து கொண்டுபோகும் அந்த ஒரு பிடி மண் வீட்டுப் பெட்டியில் இருக்கும், தோட்டத்தில் தூவப்படும், கடைக் கல்லாவில் வைக்கப்படும். களவும் நோயும் அண்டாது என்பது நம்பிக்கை. தன் நிலத்தின் மண்ணையே பிரசாதமாக வாங்கிப் போகும் மக்களுக்கு அந்த மண்ணின் மதிப்பை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அரசுக் கணக்கு வேறு மாதிரி. விளையாத நிலம் என்று எழுதிவைத்தால் அதை எதற்கு வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற எண்ணம் தானாக வந்துவிடுகிறது. சாத்தான்குளம், இராதாபுரம் பகுதித் தேரிகளில் டைட்டானியத் தாது எடுத்து ஆலை அமைக்க டாடா நிறுவனம் முன்வந்தபோது, 2007இல் ஊர் ஊராக எதிர்ப்புக் கிளம்பியது. பனையும் கிணறும் போனால் பிழைப்பு எங்கே என்று மக்கள் கேட்டார்கள். ஆலை வரவில்லை. கடற்கரையில் தாதுமணல் அள்ளுவதற்குத் தமிழக அரசு 2013இல் தடை விதித்தது. குலசேகரப்பட்டினத்தில் 2,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தில் நாட்டின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டிருக்கிறது. அதன் தேவையை மறுக்க முடியாது. அதனாலேயே மிச்சமுள்ள தேரியில் எது தொடக்கூடாதது என்பதை இப்போதே வரைந்து வைப்பது அவசரமாகிறது. வண்டி வண்டியாக மண் அள்ளினால் குன்று குறைவது மட்டுமல்ல, சுனை வற்றும். அடுக்கடுக்காகக் கிடக்கும் கல்லாயுதங்களின் வரிசை கலையும். கலைந்த அடுக்கைத் திரும்ப அடுக்க எந்த நிபுணராலும் ஆகாது.

விசாகப்பட்டினத்துக்கும் பீமுனிப்பட்டினத்துக்கும் நடுவே எர்ர மட்டி திப்பலு என்று ஒரு செம்மணல் மேடு இருக்கிறது. தேரிக்கு உடன்பிறந்தது போன்ற நிலம். அதை இந்திய நிலவியல் ஆய்வுத்துறை புவிப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2025இல் யுனெஸ்கோவின் உலக பாரம்பரிய உத்தேசப் பட்டியலிலும் அது இடம்பெற்றுவிட்டது. தமிழ்நாட்டிலும் திருவக்கரைக் கல்மரங்களுக்கும் சாத்தனூர்க் கல்மரத்துக்கும் பரங்கிமலைப் பாறைக்கும் அத்தகைய தகுதி உண்டு. குதிரைமொழித் தேரிக்கு அது கிடைக்க வேண்டும். ஒதுக்குக் காடு என்ற காகிதப் பாதுகாப்பு மட்டும் போதாது. கல்லாயுதங்கள் கிடக்கும் இடங்களும் சுனைகளும் தருவைகளும் நிலப்படத்தில் குறிக்கப்பட வேண்டும், அந்தப் பொறுப்பு தொல்லியல் துறைக்கும் வனத்துறைக்கும் சேர்ந்தே தரப்பட வேண்டும்.

செந்தூருக்கு வருகிறவர்கள் தரிசனம் முடிந்ததும் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி மேற்கே வாருங்கள். வெயில் தாழ்ந்த பிறகு, உள்ளூர்க்காரர் ஒருவர் துணையோடு ஏறுங்கள். தண்ணீர்ப் பாட்டில் கொண்டுபோனால் திருப்பி எடுத்துவாருங்கள். கண்ணில் ஒரு சின்னக் கல் பட்டால் படம் எடுத்துக்கொண்டு, கிடந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.