கழுத்துக் கட்டியும் ஸ்கேன் சோதனையும்

முன்கழுத்தில் கட்டி தென்பட்டால் நம் கிராமங்களில் இருவகைப் போக்கைக் கண்டு வருகிறோம். சிலர் அதனைப் பொருட்படுத்தாது ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுகின்றனர். வேறு சிலர் புற்றுநோயே வந்துவிட்டதென அஞ்சி, உடனே அறுவைச் சிகிச்சையை நாடுகின்றனர். இரண்டும் தவறான வழிகளே.

குரல்வளைக்குக் கீழே, வண்ணத்துப்பூச்சியின் வடிவில் தைராய்டு சுரப்பி அமைந்திருக்கிறது. இதில் கட்டிகள் தோன்றுவது சாதாரணம். ஆண்களைவிடப் பெண்களிடமே மிகுதி. நூற்றுக்கு 85-க்கு மேற்பட்டவை தீங்கற்றவை. எஞ்சியவற்றைக் கண்டறிவது எங்ஙனம்?

அதற்கு உதவுவதே அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். செவிக்கு எட்டாத ஒலியலைகளைக் கழுத்தினுள் செலுத்தி, திரும்பிவரும் எதிரொலியைப் படமாக்குவது இதன் முறை. வலியில்லை, எக்ஸ்ரே கதிர்களும் இல்லை. உப்பு நீரிலிட்டு விதைநெல்லினின்று பதரைப் பிரிப்பதுபோல, ஐயத்திற்குரிய கட்டிகளை இது பிரித்துக் காட்டுகிறது.

அமெரிக்கக் கதிரியல் கல்லூரி என்னும் மருத்துவர் அமைப்பு 2017-இல் வெளியிட்ட முறையில், கட்டியின் 5 தன்மைகளுக்கு மதிப்பெண் இடப்படுகிறது. நீர் மட்டும் நிறைந்த கட்டிக்கு மதிப்பெண் இல்லை. முற்றும் கெட்டியானதற்கு 2. படத்தில் மிகக் கருத்துத் தோன்றினால் 3. குறுக்குவெட்டில் அகலத்தைவிட உயரம் மிகுந்தால் 3. ஓரம் ஒழுங்கற்றிருந்தால் 2. ஊசிமுனை போன்ற வெண்புள்ளிகளுக்கு 3.

மொத்தம் 3 ஆயின், கட்டி 2.5 செ.மீ. அளவை எட்டினால் மட்டுமே ஊசியால் உயிரணுக்களை எடுத்துச் சோதிப்பர். 4 முதல் 6 வரையாயின் 1.5 செ.மீ.; 7-க்குக் குறையாதாயின் 1 செ.மீ. அதனினும் சிறியவற்றுள் சிலவற்றைக் குறித்த காலத்தில் மீண்டும் ஸ்கேன் செய்து பார்த்தால் போதும். ஸ்கேன் ஐயத்தின் அளவையே கூறும். நோயை உறுதி செய்ய ஊசிச் சோதனை வேண்டும்.

அவ்வாறாயின் ஊரார் அனைவருக்கும் முகாம் நடத்தி ஸ்கேன் எடுக்கலாமே எனப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் கருதக்கூடும். தென் கொரியாவின் அனுபவம் வேறாக இருக்கிறது. அங்கே நோய்க்குறி அற்றவர்களும் பெருந்திரளாகத் தைராய்டு ஸ்கேன் செய்துகொண்டனர். 2011-இல் கண்டறியப்பட்ட தைராய்டு புற்றுநோய் விகிதம் 1993-இல் இருந்ததைப்போல் 15 மடங்காயிற்று. ஆயினும் அந்நோயால் இறப்போர் விகிதம் குறையவில்லை. துன்பம் தராமலே இருந்திருக்கக்கூடிய சிறு கட்டிகளுக்காகப் பலர் சுரப்பியை இழந்து, வாழ்நாள் முழுதும் மாத்திரை உண்ண நேர்ந்தது.

ஆகவே நாம் செய்யத்தக்கது இதுவே. கழுத்தில் கட்டி தென்படுவோர், குரல் கம்மியோர், விழுங்க இடர்ப்படுவோர், குடும்பத்தில் இந்நோய் கண்டோர் ஆகியோரைத் தாமதமின்றி ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்புவோம். சூடு போடுதல், பற்றுப் போடுதல் ஆகியவற்றைத் தவிர்க்கச் செய்வோம். நலமாயிருப்போரை வீண் அச்சத்திற்கு ஆளாக்காதிருப்போம். தைராய்டு புற்றுநோய்களுள் பெரும்பாலானவை மெல்ல வளர்பவை. உரிய காலத்தில் கண்டால் குணப்படுத்தத்தக்கவை.