உங்களுக்குத் தெரியுமா? சண்டையில் யார் முந்துவது?

1974இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டின் இன்றைய விதிப்படி, சண்டையின் ஒரு சுற்று 6 விநாடி. யார் முந்துவது என்பதை 20 முகப் பகடை தீர்மானிக்கும். எதிரியின் முறை நடக்கும்போதும், சில சூழல்களில் சுற்றுக்கு ஒருமுறை குறுக்கிட்டு அடிக்கலாம்.

நாஞ்சில் நாடு உள்ளிட்ட தென்தமிழகத்தில் தரையில் கோடு கிழித்து ஆடும் ஆடுபுலி ஆட்டத்துக்குப் பகடையே வேண்டாம். 3 புலி, 15 ஆடு. ஒரு முறைக்கு ஒரே செயல். எல்லா ஆடுகளும் களத்தில் இறங்கும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது. புலியோ அதற்குள்ளேயே நகரலாம், ஆட்டைத் தாண்டி வெட்டலாம். ஆனாலும் புலிகளை அசையவிடாமல் அடைத்துவிட்டால் ஆடுகளுக்கே வெற்றி.

விடுமுறையில் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஆடிப் பாருங்கள்!